ஸ்பிட்ஃபயரின் சஸ்பென்ஷன்: எதை வீட்டில் செய்வது, எதை லேத்துக்குக் கொடுப்பது, எதை வரவழைப்பது?

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் சஸ்பென்ஷனைப் பிரித்துப் புதுப்பிக்க நினைப்பவர் இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்தே விடை தேட வேண்டியிருக்கிறது. வேலையை யார் செய்வது என்பது ஒன்று. பாகங்களை எங்கிருந்து எடுப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு வீடு, பட்டறை என இரண்டு வழிகள் உண்டு. இரண்டாவதற்கு இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது, உள்ளூர் லேத்தில் கடைந்தெடுப்பது, ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பழைய உதிரிகளைத் தேடிப் பிடிப்பது என மூன்று வழிகள் உண்டு. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா மகன் 1972ஆம் ஆண்டு மார்க் 4 ஸ்பிட்ஃபயர் ஒன்றை வைத்துக்கொண்டு, “எல்லாத்தையும் ஒரே இடத்துல முடிச்சிடலாம்ணா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்காக இந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்ற முடிவு எங்கும் பொருந்தவில்லை. பாகத்துக்குப் பாகம் விடை மாறுகிறது. அந்த மாற்றத்துக்குச் செலவையும் உழைப்பையும் விட நல்ல அளவுகோலாக எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கார் ஓடும்போது அந்தப் பாகம் உடைந்தால் என்ன ஆகும்?

சென்னைக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் ஒரு பழைய உறவு இருப்பதால்தான் ஹெரால்டின் உதிரிகளைத் தேடும் மூன்றாவது வழியே சாத்தியமாகிறது. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் அடித்தளத்தை மாற்றிச் சுருக்கி, ஜியோவானி மிக்கேலொட்டி வரைந்த உடலை அதன்மேல் பூட்டி 1962இல் கொண்டுவரப்பட்டதுதான் ஸ்பிட்ஃபயர். அதே ஹெரால்டைச் சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த ஆலையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்து வந்தது. 1970களில் கெஸல் என்ற பெயரில் அதை மாற்றியமைத்தபோது, பின்பக்கத்தில் தனித்தனியாக ஏறி இறங்கும் அரை ஆக்சில்களைக் கைவிட்டு, வழக்கமான ஒரே துண்டு ஆக்சிலுக்குப் போய்விட்டார்கள். எனவே பின்பக்க உதிரிகளுக்குக் கெஸலை நம்பிப் பயனில்லை. ஹெரால்டாகத்தான் இருக்க வேண்டும். முன்பக்க அமைப்பில் ஸ்பிட்ஃபயரும் சென்னை ஹெரால்டும் ஒரே குடும்பம். ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்று அந்தக் காலத்தில் பெருமையாக விளம்பரம் செய்ததற்குக் காரணமான அமைப்பும் அதுதான். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் கார் ஓட்டுபவருக்கு அந்தப் பெருமையின் அருமை தெரியும்.

முன்சக்கரத்தைத் தாங்குபவை மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள். அவற்றுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் எஃகுத் தூணின் மேல்முனையில், பல பக்கமும் அசையும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட் இருக்கிறது. கீழ்முனையில் பால் ஜாயிண்ட் இல்லை; தூணின் அடியில் மரை வெட்டப்பட்டு, அது டிரனியன் எனப்படும் வெண்கல வகை உலோக வார்ப்புக்குள் திருகப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைதான் தாங்கியாகச் சுழல்கிறது. டிரனியனோ நைலான் புஷ்களின் (அசையும் இணைப்புக்குள் பொருந்தும் குழல் வடிவத் துண்டுகள்) மீது கீழ் ஆர்மில் பொருந்தி, சக்கரத்தோடு மேலும் கீழும் அசைகிறது. காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து நடுவில் நிற்கின்றன. பின்பக்கத்தில், இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்காக, பல பட்டைகளை அடுக்கிய ஒரே பட்டை ஸ்பிரிங் கிடக்கிறது. அதன் இரு முனைகளும் இரு சக்கரங்களைத் தாங்குகின்றன.

உடைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் மிகக் கடுமையான விடையைத் தருவது முன்பக்கத்தின் செங்குத்துத் தூணும் டிரனியனும்தான். டிரனியனுக்குள் எண்ணெய் வற்றினால் தண்ணீர் புகுந்து, தூணின் மரைப் பகுதி துருப்பிடிக்கிறது; துருப்பிடித்த மரை இறுகுகிறது; இறுகிய பிறகும் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறுக்கு முழுவதும் மரையின் மேல்விளிம்பில் விழுந்து, அங்கே விரிசல் தொடங்குகிறது. இறுதியில் தூண் முறிந்து, சக்கரம் காரின் அடியில் மடங்கிவிடும். பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போதுதான் இப்படி நடக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள் நெருக்கிக்கொண்டு வரும் வேளையில் அந்த ஆறுதலை நம்பி உட்கார முடியாது.

இதனால்தான் இந்த அமைப்புக்குக் கிரீஸ் கூடாது, எண்ணெய்தான் வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறது. கடைகளில் 90 நம்பர் கியர் ஆயில் என்று கேட்டால் கொடுப்பதே போதும். டிரனியனில் இருக்கும் சிறு பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிளை (எண்ணெய் ஏற்றும் சிறு முனை) மாட்டி, அழுத்தி ஏற்றும் கன்னில் எண்ணெயை நிரப்பி, மரையின் மேல்பக்கம் கசிந்து வரும்வரை அழுத்த வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மரையின் அடியிலேயே கெட்டித்து நின்றுவிடும், மேல்விளிம்பு வறண்டுபோகும். இந்த ஒரு விஷயமே வேலையை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியை எனக்குப் பாதி தீர்த்துவிட்டது. இன்றைய பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் நல்ல கைத்திறன் உள்ளவர்கள். ஆனால் அவர்கள் பழகியதெல்லாம் பால் ஜாயிண்டும் ஸ்ட்ரட்டும் உள்ள கார்கள். நிப்பிளைக் கண்டதும் கை தன்னால் கிரீஸ் கன்னுக்குப் போகும். ஹெரால்டில் பழகிய பெரியவர் எவரேனும் கிடைத்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ளலாம். கிடைக்காதபோது, கையேட்டை வரிவரியாகப் படிக்கப் பொறுமையுள்ள உரிமையாளர்தான் இந்த இணைப்புக்கு நல்ல மெக்கானிக்.

இனி பாகம் எங்கிருந்து வருவது என்பதைப் பார்க்கலாம். தூணும் டிரனியனும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. விலையோடு கூரியர் கட்டணமும் சுங்கத் தீர்வையும் சேரும்போது நெஞ்சை அடைக்கும் என்பது உண்மை. ஹெரால்டின் பழைய ஸ்டாக் புதுப்பேட்டையிலோ, மூடிக்கிடக்கும் உதிரிபாகக் கடை ஒன்றின் பரணிலோ, எண்ணெய்க் காகிதம் சுற்றியபடியே அகப்படுவதுண்டு. அவற்றை வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் மூன்றைச் சரிபார்க்காமல் வாங்கக் கூடாது. முதலாவது, இடப்பக்கத் தூணுக்கு இடமரை, வலப்பக்கத்துக்கு வலமரை; கடைக்காரர் எடுத்துத் தரும் ஜோடியில் இரண்டும் ஒரே பக்கத்தவையாக இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது, ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் அடிப்படை வடிவம் ஒன்றென்றாலும், ஆண்டுக்கு ஆண்டு அளவுகள் மாறியிருப்பதால், சக்கரம் சுழலும் ஸ்டப் ஆக்சிலின் கூம்பையும் பால் ஜாயிண்டின் கூம்பையும் பழைய பாகத்தோடு வைத்து அளந்து பார்க்க வேண்டும். மூன்றாவது, மரையில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் குழிகள் இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும். தூணையும் டிரனியனையும் ஜோடியாகவே மாற்றுவது நல்லது. தேய்ந்த மரையில் புதிய டிரனியனைத் திருகினால் புதியதும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இரண்டாவது வழியான லேத்தை இந்த இடத்தில் நான் முற்றாக விலக்குகிறேன். வடசென்னையின் லேத்துகளைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. 1940களின் இறுதியில் அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கி, பின்னர் அது அசோக் லேலண்டாக வளர்ந்தது. 1950களில் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்தது. இவற்றுக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வேலை செய்து பழகிய கைகள் இந்தப் பகுதியில் தலைமுறைகளாக இருக்கின்றன. மூலக்கொத்தளம் பக்கம் ஒரு லேத்தில் பழைய தூணைக் காட்டியபோது, அதன் உரிமையாளர் மரையை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “குடுத்துட்டுப் போங்க சார், சாயங்காலம் இதே மாதிரி வாங்கிக்கலாம்” என்றார். அவர் சொன்னபடி செய்தும் கொடுப்பார். ஆனால் அசல் தூண் சம்மட்டி அடியில் வடிவெடுத்த எஃகு. கம்பியைக் கடைந்து செய்ததற்கு அந்த வலு வராது. கடைக்கு வரும் கம்பியின் தரத்தையும் அவரால் உறுதிப்படுத்த இயலாது. பற்றவைத்து மரையைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று எவரேனும் முன்வந்தால், நன்றி சொல்லிவிட்டுத் தூணை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.

பழைய தூணையே மீண்டும் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு மட்டும் இந்தப் பகுதியிலேயே நம்பகமான விடை கிடைக்கும். மணலியின் சுத்திகரிப்பு ஆலைக்கும் எண்ணூரின் மின்நிலையங்களுக்கும் குழாய், கொதிகலன் வேலை செய்பவர்கள் பற்றவைப்பைச் சோதிக்கச் சிவப்புச் சாயச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு மூன்று ஸ்பிரே டப்பாக்கள் போதும். தூணைப் பெட்ரோலில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் மரையின் அடிவரை தேய்த்துக் காயவைக்கிறார்கள். பிறகு சிவப்புச் சாயத்தை அடித்துச் சற்று நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியை மெல்லிய படலமாக அடிக்கிறார்கள். விரிசல் இல்லாத தூண் வெண்மையாகவே நிற்கும். எங்கள் வலப்பக்கத் தூணில் மேலிருந்து இரண்டாவது மரைப் பள்ளத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது; வெறும் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரிந்திருக்கவில்லை. இந்தச் சோதனை மேற்பரப்பு வரை வந்துவிட்ட விரிசலை மட்டுமே காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோதனையில் தேறியது என்பதற்காகவே, குழி விழுந்த மரையை நம்பிவிடக் கூடாது.

புஷ் விஷயத்தில் கணக்கு வேறு. ஆர்மின் உள்முனைப் புஷ் தேய்ந்தால் கார் அலையும், சத்தம் போடும், டயர் ஒருபக்கம் தேயும். ஆனால் சக்கரம் கழன்றுவிடாது. எனவே இங்கே சோதித்துப் பார்க்க இடமுண்டு. ரப்பர், பாலியூரித்தேன், லேத்தில் கடைந்த நைலான் என்ற மூன்றுக்கும் வாதாட ஆட்கள் இருக்கிறார்கள். இணையத்தில் விலை பார்க்கும் எவரும் முதலில் மனம் பறிகொடுப்பது நீலத்திலும் சிவப்பிலும் மின்னும் பாலியூரித்தேன் புஷ்களில்தான். அவை நெடுநாள் உழைக்கும், எண்ணெய் பட்டாலும் கெடாது, கைகளாலேயே அழுத்திப் பொருத்திவிடலாம் என்பதெல்லாம் சரி. வீட்டு வேலைக்குக் கடைசியாகச் சொன்னது பெரிய வசதி. ஆனால் அசல் ரப்பர் புஷ், ஆர்ம் அசையும்போது தனக்குள்ளேயே முறுக்கிக்கொடுக்கிறது; அதில் உராயும் பரப்பே இல்லை. பாலியூரித்தேன் உள்குழாயின் மீது வழுக்கிச் சுழல்கிறது. அந்த வழுக்கும் பரப்புக்குள் காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பும் சாலை மணலும் புகுந்தால், முதலில் கிறீச்சிடும், பிறகு உள்குழாயையே அரிக்கும். அதை அவ்வப்போது கழற்றி, அதற்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும்.

இதை விடப் பெரிய தயக்கம் ஒன்று எனக்கு உண்டு. பாலியூரித்தேன் கடினமானது, பள்ளத்தில் விழும் அடியை அது விழுங்காமல் சேசிஸில் இருக்கும் பிராக்கெட்டுக்கு அனுப்புகிறது. ஐம்பது ஆண்டு பழைய, உள்ளிருந்து எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று முழுதாகத் தெரியாத சேசிஸுக்கு அது நல்லதல்ல. ஓட்டப் பந்தயத் தளத்தில் ஓடும் காருக்கு அந்தக் கடினம் வேண்டும். மணலி விரைவுச்சாலையில் மழைக்காலத்துக்குப் பின் ஓடும் காருக்கு வேண்டாம். ஆகவே ஆர்ம்களுக்கு ரப்பர்தான் என் தேர்வு, அதுவும் இங்கிலாந்திலிருந்து. எடை குறைவு என்பதால் கூரியரில் சுமையாகாது. உள்ளூரில் வார்த்துத் தரும் ரப்பர் புஷ்களில் வெளிக்குழாயோடு ரப்பர் சரியாக ஒட்டாமல் விலகிவிடுவதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன்.

டிரனியனின் பக்கவாட்டுப் புஷ்கள் அசலிலேயே நைலான்தான் என்பதால், அவற்றை லேத்தில் கடைந்துகொள்ளலாமே என்று தோன்றும். தோன்றுவதில் தவறில்லை, பொருளில்தான் கவனம் வேண்டும். சாதாரண நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதும். கோடையில் கடைந்து கச்சிதமாகப் பொருத்திய புஷ், ஐப்பசி மழையில் இறுகிவிடும். அசிட்டால் என்ற வகையைக் கேட்டு வாங்கிக் கடையச் சொன்னால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. கூடவே, எஃகு உள்குழாயைப் புதிதாகக் கடைந்து மெருகேற்றித் தருவதில் நம் லேத்துகளை மிஞ்ச ஆளில்லை. இதற்கு மட்டும் உள்ளூரே போதும் என்று சித்தப்பா மகனிடம் உறுதியாகச் சொன்னேன். தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை மறந்துவிடாமல் சேர்த்துப் போட வேண்டும். வியாசர்பாடிச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாட்களில் அவற்றின் மதிப்பு தெரியும்.

பழைய புஷ்களைக் கழற்றுவது வீட்டு வேலைதான். ரப்பரைக் கொளுத்திவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அக்கம்பக்கத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும் தெருவில் அந்த நச்சுப்புகையை எழுப்பக் கூடாது. ஹாக்ஸா பிளேடால் வெளிக்குழாயை நீளவாக்கில் அறுத்துத் தட்டினால் வந்துவிடும். புதியதை, கனமான வைஸில் இரு பக்கமும் பொருத்தமான சாக்கெட்டுகளை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி நெருக்கினால் உள்ளே போகும். நேராகப் போகவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்கு எடுத்துப்போய்விடுவது உத்தமம். சில நிமிட வேலைக்கு அவர்கள் கேட்கும் கூலி ஒன்றும் பெரிதல்ல.

நட்டு போல்ட்டுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் காரில் இருப்பவை அங்குலக் கணக்கிலான யூ.என்.எஃப். மரைகள். பழைய ஜீப்புக்கும் அம்பாசடருக்கும் அவையே என்பதால், பாரிமுனைப் பக்கத்து போல்ட்டுக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. தலையில் தரக்குறி உள்ள உயர் இழுவலு போல்ட்டாக வாங்க வேண்டும். கடற்கரைக்கு அருகில் இருப்பதால் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளைப் போட்டுவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும்; சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அந்த வலு கிடையாது, மரையில் இறுகிச் சிக்கிக்கொள்ளும் குணமும் உண்டு. சஸ்பென்ஷனில் அதற்கு இடமில்லை. நைலான் வளையமுள்ள நட்டுகளை ஒரு முறை கழற்றினால் புதியதைத்தான் போட வேண்டும்.

காயில் ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பரிலிருந்து பிரிப்பது இந்த வேலையிலேயே ஆளைக் காயப்படுத்தக்கூடிய கட்டம். இங்கே வீடா பட்டறையா என்று கேட்டால், பட்டறை என்பேன். முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முழுத் தொகுப்பையும் காரிலிருந்து பாதுகாப்பாகக் கழற்றிவிட முடியும். கழற்றியதைத் துணியில் சுற்றி, ஸ்ட்ரட் ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி வைத்திருக்கும் எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோகலாம். இன்றைய கார்களுக்குத் தினமும் செய்யும் வேலை என்பதால் அவர்கள் அதில் தேர்ந்தவர்கள். ஷாக் அப்சார்பரில் அசல் வகையே போதும். திருகிக் கடினத்தை மாற்றிக்கொள்ளும் வகைகள் கோனி, ஸ்பாக்ஸ் போன்ற பெயர்களில் கிடைக்கின்றன. நம் சாலையில் ஓடும் காருக்கு அவற்றை எப்போதும் மென்மையான நிலையிலேயே வைத்திருப்போம் என்பதால் அந்தக் காசு வீண். காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். இப்போதே ஒவ்வொரு வேகத்தடையிலும் சைலன்சர் உரசுகிறது.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில்தான் உள்ளூர் அறிவுக்கும் இந்தக் காரின் தேவைக்கும் நேரடி மோதல் வருகிறது. துறைமுகத்தை நம்பி ஓடும் லாரிகளுக்காக மாதவரம், மணலிப் பக்கங்களில் பட்டை கட்டும் பட்டறைகள் உள்ளன. தொய்ந்த பட்டையைக் கொடுத்தால் வளைவை ஏற்றித் தந்துவிடுவார்கள். இறக்குமதி செய்யும் செலவோடு ஒப்பிட்டால் கூலி மிகக் குறைவு. கனமான பொருள் என்பதால் இங்கிலாந்திலிருந்து வரும் பட்டையின் விலையை விட அதன் கூரியர் கட்டணம் கூடுதலாக நிற்கக்கூடும். இருந்தும் இரண்டு காரணங்களுக்காக நான் தயங்குகிறேன். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் தட்டி ஏற்றிய வளைவு சில மாதங்களில் மீண்டும் தொய்யும். சூடாக்கி ஏற்றினால் முறையாக எண்ணெயில் குளிர்வித்து மறுபடி பதப்படுத்த வேண்டும், அதை மெல்லிய கார்ப் பட்டைக்கு அளவாகச் செய்யும் இடம் அரிது. மற்றொரு காரணம் இன்னும் முக்கியமானது. லாரிப் பட்டறையில் எவரும் நல்லெண்ணத்தோடு ஓர் அங்குலம் கூடுதலாகவே ஏற்றித் தருவார்கள். பாரம் ஏறினால் தாழும் என்பது அவர்கள் கணக்கு. ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் உயர்ந்தால், அரை ஆக்சில்கள் டிஃபரன்ஷியலிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து, இரு சக்கரங்களும் அடிப்பக்கம் உள்வாங்கி நிற்கும். அந்த நிலையில் வேகமாக வளைந்து திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடியப் பார்க்கும். பழைய ஸ்பிட்ஃபயர்களின் கெட்ட பெயருக்கே இதுதான் காரணம்.

1970இல் வந்த மார்க் 4இல் இந்தக் குறையைத் தணிக்கவே பட்டைகளில் ஒன்றை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றவற்றை நடுவில் ஊசலாடும்படி விட்டார்கள். ஹெரால்டின் பட்டையில் இந்த ஊசல் அமைப்பு இல்லை. எனவே ஹெரால்டின் பழைய பட்டை அகப்பட்டாலும் மார்க் 4க்கு அது பின்னோக்கிய மாற்றமாகவே முடியும். இந்த ஒரு பாகத்துக்காக, செலவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து புதியதை எடுப்பதே சரி. அதற்கு இப்போது கையில் பணமில்லை என்றால், தொய்ந்த பட்டையோடே ஓட்டுவது, ஏற்றிக் கட்டிய பட்டையோடு ஓட்டுவதை விடப் பாதுகாப்பானது. தொய்ந்த கார் அசிங்கமாக நிற்கும், பள்ளத்தில் அடிவாங்கும். ஆனால் வளைவில் காலை வாராது.

அரை ஆக்சிலின் உள்முனையில் இருக்கும் யூ.ஜே. கிராஸை (யுனிவர்சல் ஜாயிண்ட்டின் சிலுவை வடிவ நடுப்பாகம்) இறக்குமதி செய்யத் தேவையில்லை. கப்பின் விட்டத்தையும் குறுக்களவையும் வெர்னியரில் அளந்துகொண்டு போனால், உள்ளூர்க் கடையிலேயே பொருத்தமானது கிடைத்துவிடும். சக்கரம் பூட்டப்படும் பின் ஹப்பை மட்டும் வீட்டில் தொட வேண்டாம். ஆக்சிலின் கூம்பில் பல்லாண்டுகளாக இறுகிக் கிடக்கும் அதை, சாதாரண புல்லரால் இழுத்தால் ஹப்பின் விளிம்பு வளையும். பேரிங்கில் சத்தமும் ஆட்டமும் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

கழற்றிய ஆர்ம்களையும் பிராக்கெட்டுகளையும் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புவதா, பெயின்ட் அடிப்பதா என்பதில் நான் பெயின்ட் பக்கம். பவுடர் கோட்டிங் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் ஒரு கல் பட்டுப் பெயர்ந்த இடத்தின் வழியே உப்பு ஈரம் அடியில் ஊர்ந்து, மேலே எதுவும் தெரியாமலே உள்ளே துருவைப் பரப்பும். துத்தநாகப் பிரைமரும் சேசிஸ் பெயின்ட்டும் அடித்தால், பெயர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியும், பிரஷை எடுத்துத் தொட்டுவிடலாம்.

இவ்வளவையும் பிரித்துக் கொடுத்த பிறகு வீட்டுக்கென்று என்ன மிஞ்சுகிறது என்று கேட்கலாம். கழற்றுவதும் மறுபடி பூட்டுவதும் மிஞ்சுகின்றன. முடிவின் தரம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. கீழ் ஆர்மின் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகள்தான் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கின்றன. எந்த போல்ட்டில் எத்தனை இருந்தன என்று எழுதி, தனித்தனி உறையில் போட்டு வைக்கும் பொறுமை, கூலிக்கு வேலை செய்பவரிடம் எதிர்பார்க்கக்கூடியதன்று. டிரனியனைத் தூணில் கடைசிவரை திருகிவிட்டு, ஸ்டியரிங் இருபுறமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குச் சற்றுப் பின்திருக வேண்டும். அடிவரை இறுக்கி விட்டுவிட்டால், முழுக்க ஒடிக்கும்போது மரை முட்டி, புதிய தூணுக்கும் பழைய கதியே வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளைக் காரை ஜாக்கியில் தூக்கி வைத்த நிலையில் இறுக்கவே கூடாது. சக்கரங்கள் தரையில் நிற்க, இரண்டு பேர் உட்கார்ந்த பாரத்தோடு இறுக்க வேண்டும். தொங்கிய நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓரிரு ஆண்டுகளில் கிழிந்தும் போகும். அவசரப் பட்டறைகளில் பெரும்பாலும் தவறுவது இந்த ஒரு படிதான். தண்டையார்பேட்டை வீட்டில் இதற்காக இரண்டு இருக்கைகளிலும் அரிசி மூட்டைகளை ஏற்றி வைத்துவிட்டு, காருக்கு அடியில் படுத்து இறுக்கினோம்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தெருவோரத்தில் வைத்துச் செய்யக்கூடிய வேலை இதுவன்று. லாரியோ தண்ணீர் டேங்கரோ உரசிக்கொண்டு போகும் தெருவில் காரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். சமமான சிமென்ட் தரையும், நான்கு நல்ல ஸ்டாண்டுகளும், கழற்றிய நிலையிலேயே காரை ஒரு மாதமாவது விட்டுவைக்க உரிமையும் உள்ள இடம் வேண்டும். அது இல்லாதவர், தெரிந்தவரின் குடோனில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடிப்பது, முழு வேலையையும் பட்டறைக்குக் கொடுப்பதை விட மலிவாக முடியும். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, தை பிறந்ததும் தொடங்குவது நல்லது.

சித்தப்பா மகன் கடைசியில் எடுத்த முடிவு இதன்படியே அமைந்தது. தூண், டிரனியன், மேல் பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ், பின் பட்டை ஆகியவற்றை இங்கிலாந்திலிருந்து எடுக்கிறான், டிரனியனின் பக்கவாட்டுப் புஷ்களையும் உள்குழாய்களையும் மூலக்கொத்தளத்தில் கடைகிறான், போல்ட்டும் யூ.ஜே. கிராஸும் உள்ளூர், ஸ்பிரிங் அழுத்துவது பட்டறை, மற்றதெல்லாம் வீடு. வீல் அலைன்மென்ட்டைப் பூட்டியவுடன் ஒரு முறையும், ரப்பர் படிந்த பின், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும்; அப்போதே எல்லா போல்ட்டுகளையும், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ஸ்பேனரால் ஒரு சுற்று சரிபார்த்துவிடலாம். டிரனியனுக்கு எண்ணெய் விடுவதற்குக் கையேடு 6,000 மைல் என்று சொல்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் மைல்கூட ஓடாத காருக்கு அந்தக் கணக்கு உதவாது என்பதால், மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்ததும் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.